நினைவுக்கான புரதம் எங்கே தயாராகிறது?

நெடுநாள் நினைவு பதிவதற்குப் புதிய புரதங்கள் வேண்டும் என்று சென்ற உரையில் கூறியிருந்தேன். அதைக் கேட்ட ஒரு தாயார், "அப்படியானால் பரீட்சைக்குப் படிக்கும் என் மகளுக்குப் புரத மாவைப் பாலில் கலந்து கொடுக்கலாமா?" என்று எழுதியிருக்கிறார். இரண்டு நாட்களாக இக்கேள்வி என்னை விடவில்லை. நாம் உண்ணும் புரதம் குடலில் அமினோ அமிலங்களாகச் சிதைந்துவிடுகிறது. நினைவுக்கான புரதத்தை நரம்புச் செல்லே புதிதாகக் கோத்துக்கொள்கிறது. ஆகவே, நன்றாகச் சாப்பிடும் பிள்ளைக்கு அந்த மாவினால் நினைவாற்றல் கூடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அந்த அம்மையார் வேறொன்றைக் கேட்டிருக்கலாகாதா என்பதே என் ஏக்கம்: அந்தப் புரதம் செல்லின் எந்த இடத்தில் தயாராகிறது?

மூளையில் நினைவு பதிய உதவும் பகுதியான ஹிப்போகாம்பஸில் உள்ள ஒரு நரம்புச் செல்லுக்கு ஆயிரக்கணக்கான சினாப்ஸ்கள், அதாவது மற்ற நரம்புச் செல்களோடு சேரும் சந்திப்புகள், உண்டு. ஒன்றைக் கற்கும்போது அவற்றுள் சில மட்டுமே வலுப்பெற வேண்டும். எல்லாப் புரதமும் உட்கருவின் அருகிலேயே உருவாகிப் புறப்படுமானால், எந்தச் சினாப்ஸுக்குப் போவது என்று அதற்கு யார் சொல்வது? நான் அடிக்கடி சொல்லும் கல்யாணப் பந்தியையே மறுபடியும் நினைத்துக்கொள்ளுங்கள். சமையற்கட்டிலிருந்து வருவதற்குள் தோசை ஆறிவிடும் என்று பந்தியின் ஓரத்திலேயே கல்லைப் போட்டு, கேட்கும் இலைக்கு அங்கேயே வார்த்துத் தருகிறார்கள் அல்லவா? செல்லும் அதைத்தான் செய்கிறது. உட்கருவிலிருந்து வருவது தூது ஆர்.என்.ஏ. என்னும் செய்முறைச் சீட்டு. புரதத்தைக் கோக்கும் ரைபோசோம் என்னும் கல்லோ, சினாப்ஸ்கள் அமைந்திருக்கும் செல்லின் கிளையிலேயே இருக்கிறது. டென்ட்ரைட் எனப்படும் அக்கிளைகளில் சினாப்ஸ்களைத் தாங்கும் சிறு முட்களின் அடியில் ரைபோசோம்கள் கொத்தாக இருப்பதை ஆஸ்வால்ட் ஸ்டூவர்டும் வில்லியம் லெவியும் 1982இல் மின்னணு நுண்ணோக்கியில் காட்டினர்.

கல் இருந்தால் போதுமா, தோசை வார்க்கப்படுகிறதா? 1996இல் காங், எரின் ஷூமன் ஆகிய இருவரும் எலியின் ஹிப்போகாம்பஸ் சீவல்களில், செல்லுடல்கள் இருக்கும் அடுக்கைக் கிளைகள் இருக்கும் அடுக்கிலிருந்து வெட்டிப் பிரித்துவிட்டு, பி.டி.என்.எஃப். என்னும் வளர்ச்சிக் காரணியைச் செலுத்தினார்கள். உட்கருவோடு தொடர்பே அற்றுக் கிடந்த சினாப்ஸ்கள் வலுவடைந்தன; புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தைச் சேர்த்தபோது வலுவடையவில்லை. சமையற்கட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துப்போன பிறகும் பந்தியில் சூடாகத் தோசை விழுந்தது என்று பொருள்.

மாவைப் பற்றிக் கேட்ட தாயாருக்கு இன்னுமொன்று சொல்ல வேண்டும். எஃப்.எம்.ஆர்.பி. என்னும் புரதம் இச்சீட்டுகள் பலவற்றைப் பிடித்துவைத்துக்கொண்டு, வேண்டாத வேளையில் வார்க்க விடாமல் தடுக்கிறது. ஃப்ராஜைல் எக்ஸ் என்னும் மரபுக் குறைபாட்டில் அது உருவாவதில்லை, அல்லது மிகக் குறைவாகவே உருவாகிறது. அதே குறைபாட்டை உண்டாக்கிய சுண்டெலிகளின் ஹிப்போகாம்பஸில் புரதம் அளவுக்கு மேல் தயாராகிறது. கற்பதில் அவை தடுமாறுகின்றன.