மடையும் கலிங்கும் தெருவுக்கு வரட்டும்

அவையோருக்கு வணக்கம்.

மதுரைச் சாலையோரங்களில் மழைநீரைத் தேக்கும் பாத்திகளை வயல் போல அமைப்பது பற்றிப் பேசுகிறேன். சாலையோரத்தில் வயல் என்றதும் நாலு வரிசை கம்புப் பயிரை நட்டு, பக்கத்தில் ஒரு கலப்பைச் சிலையை நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. மேலூர்ப் பக்கத்து வயலில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வரப்பும், தண்ணீர் உள்ளே வரும் மடையும், நிரம்பியது வழிந்தோடும் கலிங்கும்.

கணக்கைப் பாருங்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்த 7 மீட்டர் அகலச் சாலை. 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 10 மீட்டர் நீளத்துக்கு 3,500 லிட்டர் ஓரத்துக்கு வரும். ஒன்றரை மீட்டர் அகலப் பாத்தியைச் சாலையைவிட 20 சென்டிமீட்டர் தாழ்த்தி, 15 சென்டிமீட்டர் உயரத்தில் கலிங்கு வைத்தால் 2,250 லிட்டர் நிற்கும். மிச்சம் மழைநீர் வடிகாலுக்குப் போகும். கலிங்கைச் சாலை மட்டத்துக்கே உயர்த்திவிட்டால் தண்ணீர் சாலைக்கே திரும்பும். பலர் சறுக்குகிற இடம் இதுதான்.

சாலை விளிம்பில் பதித்த கரைக்கல்லில் 5 மீட்டருக்கு ஒரு மடைவாய், 40 சென்டிமீட்டர் அகலத்தில் போதும். தண்ணீர் விழும் இடத்தில் சரளை பரப்பாவிட்டால் மண் அரிக்கும். சாலை இறக்கமாக இருந்தால் குறுக்கே வரப்புப் போட்டுப் படிப்படியாகப் பாத்தி கட்டுங்கள். இல்லையேல் தண்ணீரெல்லாம் கடைசி மூலையில் தேங்கும்.

மண்தான் பெரிய தலைவலி. கட்டட இடிபாட்டை 60 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அள்ளிவிட்டு, செம்மண் இரண்டு பங்கு, கண்மாய்க் கரம்பை (அடியில் படிந்த வண்டல்) ஒரு பங்கு, மட்கிய எரு ஒரு பங்கு நிரப்பலாம். கரம்பை கூடினால் மழையில் அடைத்துக்கொள்ளும், வெயிலில் பாளமாக வெடிக்கும். திருமங்கலம் பக்கம் கரிசல். நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும், தாரின் விளிம்பு பிளக்கும். அங்கே சாலைப் பக்கம் தடித்த பாலித்தீன் தாளை இறக்கி, அடியில் துளைக்குழாய் வைத்து நீரை வடித்துவிட வேண்டும்.

மதுரையில் எல்லாரும் முதலில் கேட்பது மல்லி. அதற்கு வேரில் தண்ணீர் நிற்கக் கூடாது. வரப்பின் மேல் ஒன்றேகால் மீட்டர் இடைவெளியில் வையுங்கள், நவம்பர் கடைசியில் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்யுங்கள். பாத்திக்குள் குதிரைவாலி நல்லது. ஈரத்தையும் வறட்சியையும் தாங்கும், மூன்று மாதத்தில் முடியும். புரட்டாசியில் விதைக்கலாம். ஆனால் முச்சந்தியில் பார்வையை மறைக்கும் உயரத்தில் எதுவும் கூடாது. கீரை வேண்டவே வேண்டாம். டயர்த் தூசியும் பிரேக் தூசியும் இலையில் படியும், யாராவது பறித்துத் தின்பார்கள். சோளமும் வேண்டாம். வாடிய இளஞ்சோளத்தில் சயனைடு நஞ்சு உண்டு, தெருவில் திரியும் மாடு மேய்ந்தால் செத்துவிடும்.

குதிரைவாலியை அறுத்தபின் அடிக்கட்டையைப் பிடுங்காமல் கோடை மழைவரை விட்டுவையுங்கள். சுத்தம் செய்கிறோம் என்று வழித்துவிட்டால், வெறும் மண் லாரிக் காற்றில் பறந்து எதிர்க் கடை வடைச்சட்டியில்தான் விழும்.