விலகுவது வேறு, வேறாக நிற்பது வேறு

[காட்சி: இரவு எட்டரை மணி. சமையலறை மேடையில் கைபேசி அதிர்ந்து அதிர்ந்து நகர்கிறது. திரையில் "அம்மா".]

ஞாயிற்றுக்கிழமை இரவு இந்த அழைப்பை எடுப்பதற்கு முன்பே சிலருக்கு வயிறு இறுகிவிடும். நலம் விசாரிப்பில் தொடங்கும் பேச்சு இரண்டாவது நிமிடத்தில் தம்பியிடம் போய் நிற்கும்: அவன் பணம் அனுப்புவதில்லை, அவன் மனைவி முகம் கொடுத்துப் பேசுவதில்லை, நீயாவது ஒரு வார்த்தை கேள். அழைப்பு முடிந்ததும் அக்காள் தம்பியை அழைத்துக் கடிந்துகொள்கிறாள். அல்லது அடுத்த ஞாயிறு கைபேசியை அணைத்து வைத்துவிடுகிறாள். இவை எதிரெதிரான செயல்களாகத் தோன்றினாலும், இரண்டிலும் அவளுடைய அடுத்த அடியைத் தீர்மானிப்பது அம்மாவின் பதற்றமே. இதைப் புரிந்துகொள்ள அமெரிக்க மனநல மருத்துவர் மர்ரே போவனின் கோட்பாடு உதவுகிறது.

[காட்சி: அமெரிக்க வரைபடத்தில் டென்னசி, கான்சாஸ், மேரிலாந்து ஆகியவற்றை இணைக்கும் கோடு.]

1913ஆம் ஆண்டு டென்னசி மாநிலத்தின் வேவர்லி என்ற சிற்றூரில் பிறந்த போவன், ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். கான்சாஸில் இருந்த மெனிங்கர் மருத்துவமனையில் பணியாற்றிய பின், 1954இல் வாஷிங்டனை அடுத்த பெதஸ்டாவிலுள்ள தேசிய மனநல நிறுவனத்துக்கு வந்தார். ஸ்கிசோஃப்ரினியா எனும் மனச்சிதைவு நோய் கண்டவருடன் தாயையும், பின்னர் தந்தையையும் உடன்பிறந்தாரையும்கூட மருத்துவமனை விடுதியிலேயே தங்கவைத்து நாள்தோறும் கவனிக்கும் ஆய்வை அவர் அங்கு நடத்தினார். தாயும் பிள்ளையும் ஒட்டிக்கொள்வதும், மூச்சு முட்டி விலகுவதும், விலகல் தாங்காமல் மறுபடி ஒட்டிக்கொள்வதும் சுழற்சியாக நிகழ்வதையும், ஒருவருடைய பதற்றம் சற்று நேரத்தில் இன்னொருவருக்குத் தொற்றிவிடுவதையும் கண்ட அவர், குடும்பம் முழுவதையும் ஒரே உணர்ச்சி அமைப்பாகப் பார்க்கத் தொடங்கினார். ஸ்கிசோஃப்ரினியா குடும்பத்தாரால் உண்டாகும் நோய் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. மரபணுவுக்கும் மூளைக்கும் அதில் உள்ள பெரும்பங்கு இன்று தெளிவாகத் தெரியும். அந்த நோய்க்குத் தாயைக் குற்றவாளியாக்கிய காலம் மனநல மருத்துவத்துக்குப் பெருமை சேர்த்த காலம் அல்ல.

[காட்சி: ஒரே மாதிரியான செல்கள் பிரிந்து தசை, நரம்பு, தோல் என உருமாறுகின்றன.]

தன்னை வேறுபடுத்திக்கொள்ளுதல், அதாவது செல்ஃப் டிஃபரன்ஷியேஷன், என்ற சொல்லைப் போவன் உயிரியலிலிருந்து எடுத்தார். கருவில் ஒரே மாதிரி இருக்கும் செல்கள் பின்னர் தசையாகவும் நரம்பாகவும் வேறுபடுகின்றன, ஆனால் எதுவும் உடலை விட்டு வெளியேறிவிடுவதில்லை. அவர் மனிதரிடம் தேடியதும் இதைத்தான்: கடும் பதற்றத்தின் நடுவிலும் உணர்ச்சியையும் சிந்தனையையும் பிரித்தறிந்து, உறவை அறுக்காமல், தன் முடிவைத் தானே எடுக்கும் திறன்.

இந்தத் திறன் குறைவாக இருப்பவர் கோழையாகவோ பிடிவாதக்காரராகவோ தோன்றலாம். வீட்டார் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுபவரும், சொன்னார்கள் என்பதற்காகவே எதிர்மாறாகச் செய்பவரும் போவனின் கணக்கில் அக்கம்பக்கத்தில்தான் நிற்கிறார்கள். 0 முதல் 100 வரை அவர் வகுத்த அளவுகோலில் 100 என்பது எந்த மனிதரும் எட்டாத நிலை. அது நோயைக் கணிக்கும் கருவியும் அல்ல. அந்த அளவுகோலின் கீழ்ப்பகுதியில் இருப்பவரின் மன ஆற்றலில் பெரும்பகுதி பிறரின் ஒப்புதலைத் தேடுவதிலேயே செலவாகிவிடுவதால், வேலை இழப்பு, நோய், மரணம் போன்ற நெருக்கடிகளில் அவருக்கு உடல், மனப் பாதிப்பின் அறிகுறிகள் விரைவாகத் தோன்றும் என்பது போவனின் கருத்து.

[காட்சி: இரண்டு வட்டங்களுக்கிடையே சிவக்கும் கோடு, மூன்றாவது வட்டம் உள்ளே இழுக்கப்படுகிறது.]

இருவரிடையே பதற்றம் ஏறும்போது மூன்றாமவர் இழுக்கப்படுவதைப் போவன் முக்கோணம் என்றார். நாம் முதலில் பார்த்த அழைப்பு அப்படிப்பட்ட ஒன்று. அவருடைய சொந்தக் குடும்பமும் இதற்கு விலக்கல்ல. 1967இல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த குடும்ப ஆய்வு மாநாட்டில், கட்டுரை வாசிப்பார் என்று காத்திருந்தவர்களிடம், டென்னசியிலிருந்த தன் வீட்டாரிடம் தான் செய்துபார்த்ததை விவரித்தார். யாரைப் பற்றி வீட்டில் புறம் பேசினார்களோ, அந்தச் சகோதரருக்கே அதைக் கடிதத்தில் எழுதிவிட்டுப் பிறகு நேரில் ஊருக்குச் சென்று, எந்த அணியிலும் சேராமல், எவரையும் விட்டு ஓடாமல் எல்லோரோடும் பேசினார். அந்த உரை 1972இல் ஆசிரியர் பெயரின்றி அச்சானது. தொலைதூரத்தில் குடியேறிவிட்டதாலேயே குடும்பத்திலிருந்து விடுபட்டுவிட்டதாக எண்ணுபவரின் பழைய பிணைப்பு, புதிய உறவுகளில், குறிப்பாக மணவாழ்வில், மீண்டும் தலைதூக்கும் என்பது அவர் வாதம்.

1998இல் அமெரிக்க உளவியலாளர்கள் ஸ்கௌரன், ஃப்ரீட்லாண்டர் இருவரும் இந்தத் திறனை அளக்க 43 கூற்றுகள் கொண்ட வினாத்தாளை வெளியிட்டனர். இதில் குறைந்த மதிப்பெண் பெறுவோருக்குப் பதற்றம் அதிகமாகவும் மணவாழ்வில் நிறைவு குறைவாகவும் இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. எது காரணம், எது விளைவு என்பதை மட்டும் அவை முடிவாகச் சொல்வதில்லை. கூட்டு வாழ்வை மதிக்கும் சமூகங்களின் நெருக்கத்தை இந்தக் கோட்பாடு குறையாகக் கருதிவிடக்கூடும் என்ற விமர்சனத்திலும் நியாயம் உண்டு. அடி, வன்முறை, சுரண்டல் உள்ள வீட்டில் விலகியிருப்பது பாதுகாப்பு நடவடிக்கை. அதை முதிர்ச்சிக் குறைவு என்று எவரும் சொல்லிவிடக் கூடாது.

[காட்சி: மீண்டும் சமையலறை. இம்முறை அவள் அழைப்பை எடுக்கிறாள்.]

"அம்மா, நீங்க வருத்தப்படறது புரியுது. தம்பி விஷயத்தை அவன்கிட்டயே பேசுங்க, நான் நடுவுல வரல. உங்க முட்டி வலி எப்படி இருக்கு, அதைச் சொல்லுங்க."

இப்படி ஒருவர் நிலையெடுத்ததும் குடும்பம் மூன்று படிகளில் எதிர்வினை காட்டும் என்று போவன் எழுதினார்: நீ செய்வது தவறு, பழையபடி மாறு, மாறாவிட்டால் விளைவு இது. "கல்யாணத்துக்கு அப்புறம் நீ ரொம்ப மாறிட்ட" என்ற வாக்கியத்தில் முதல் இரண்டு படிகளும் அடங்கிவிடும். மூன்றாவது, பெரும்பாலும், சில வார மௌனம். அந்த மௌனத்துக்கு அஞ்சிச் சரணடையாமலும், பதிலுக்குத் தானும் மௌனமாகாமலும் இருப்பதுதான் கடினம். அடுத்த ஞாயிறு எட்டரை மணிக்குக் கைபேசி ஒலிக்கவில்லை. எட்டே முக்காலுக்கு அவளே அழைக்கிறாள்.

[காட்சி: திரையில் "அம்மா". மணி போய்க்கொண்டே இருக்கிறது.]