தென்னங்கட்டையைத் தோண்டுறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

[காட்சி: வீட்டுக் கொல்லை. கிணத்தடிக்குப் பக்கத்துல, முழங்காலுக்கும் கீழ வெட்டின தென்னை அடிக்கட்டை.]

வணக்கம். வீட்டுப் பக்கம் சாய்ஞ்சிருந்த இந்தத் தென்னையைப் போன மாசம் இறக்கினோம். வெட்ட வந்தவர், "அடியில எவ்வளவு விடட்டும் தம்பி?"ன்னு கேட்டார். "ஒட்ட வெட்டிடுங்கண்ணே"ன்னு பெருமையா சொன்னேன். நாலடி விட்டிருந்தா, வேரை அறுத்ததும் மேல கயித்தைக் கட்டி இழுத்தே சாய்ச்சிருக்கலாம். இப்ப பிடிக்கவே பிடி இல்ல. உங்க வீட்ல மரம் இன்னும் நிக்குதுன்னா, என்னை மாதிரி அவசரப்படாதீங்க.

[காட்சி: கட்டையைச் சுத்தி மண் எடுத்த பள்ளம். விரல் தடிமன்ல பழுப்பு வேர்கள், கிட்டத்துல.]

வேம்பு, புளி மாதிரி இதுக்கு ஆணிவேர் கிடையாது. எல்லாமே சல்லிவேர். வளர்ந்த மரத்துக்கு 4,000-லேருந்து 7,000 வேர் வரைக்கும் இருக்கும். ஆனா ஒவ்வொண்ணும் விரல் தடிமன்தான். அதனால தூரத்துல போய் வேரைத் தேட வேண்டாம். கட்டையைச் சுத்தி ரெண்டடி அகலத்துக்கு மண்ணை எடுத்துட்டு, வேர் கிளம்புற இடத்துலயே கடப்பாரையோட தட்டை முனையால குத்துங்க. சதக்குனு அறுபடும். மண்ணுக்குள்ள கட்டை பம்பரம் மாதிரி கீழ போகப் போகக் குறுகும். பக்கவாட்டு வேர் போயிட்டா, ஒரு கல்லை அணை கொடுத்து நெம்பினாலே லேசா ஆட ஆரம்பிக்கும். ஆடுச்சுன்னா பாதி வேலை முடிஞ்சுது.

களிமண்ணா இருந்தா முதல் நாள் சாயங்காலமே தண்ணி விட்டு ஊற வைங்க. பவர் ரம்பத்தை வேர்ப்பக்கம் கொண்டு போகாதீங்க, மண் பட்டா செயின் பல்லு மழுங்கிடும். தண்ணி பைப், கரண்ட் வயர் எங்க போகுதுன்னு முன்னாடியே பாத்துக்கோங்க. நான் பாக்கல. மோட்டார் லைன்ல ஒரு குத்து விட்டு, அன்னைக்கு வீட்ல வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

ஜேசிபி விட்டா சீக்கிரம் முடியும், உண்மைதான். எங்க சந்துக்குள்ள அது திரும்பாது.

[காட்சி: உளுத்த தென்னந்துண்டைப் பிளந்தா உள்ள வெள்ளையா, தடியா, சுருண்டு கிடக்கிற புழு.]

"தென்னைதான் திரும்பத் துளிர்க்காதே, மக்கிப் போகட்டும்"னு விடுறவங்க உண்டு. துளிர்க்காதுங்கிறது சரி. குருத்து உச்சியில ஒண்ணே ஒண்ணுதான், அது போனா மரம் போச்சு. ஆனா மக்குற தென்னங்கட்டையிலதான் காண்டாமிருக வண்டு முட்டை வைக்கும். இந்தப் புழு வண்டா மாறிப் பறந்து போய், பக்கத்து மரத்துக் குருத்தைக் குடையும். 2018 நவம்பர் 16 கஜா புயல்ல பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தோப்பு தோப்பா சாய்ஞ்சுதே, அங்க விழுந்த மரத்தை அகத்துறதும் ஒரு பெரிய வேலையா நின்னதுக்கு இந்த வண்டும் ஒரு காரணம். அதனால தோண்டி எடுத்த கட்டையையும் மூலையில போட்டு வைக்காதீங்க. பிளந்து காய வெச்சு வெந்நீர் அடுப்புக்குப் போடுங்க.

வேப்பங்கட்டை சமாச்சாரம் வேற. அது சுத்திச் சுத்தித் துளிர்க்கும். தோண்ட முடியலைன்னா துளிரைக் கண்டப்பல்லாம் ஒடிச்சுக்கிட்டே இருங்க. இலையே விட முடியலைன்னா வேர்ல சேத்து வெச்ச சத்து தீர்ந்து, மெல்ல மெல்லப் பட்டுப்போகும். துளை போட்டுப் பெருங்காயம் வெச்சா ஒரே வாரத்துல கருகிடும்பாங்க. நானும் வெச்சேன். கொல்லை பூரா ரச வாசம், கட்டை ஜம்முனு துளிர்த்துச்சு. டீசல், ஆசிட் ஊத்துறதைப் பத்திக் கேக்கவே கேக்காதீங்க, பத்தடியில கிணறு இருக்கு.

[காட்சி: பள்ளத்துல மண்ணைத் தள்ளி, தண்ணி ஊத்தி மிதிக்கிறது.]

பள்ளத்தை ஒரேயடியா மூடாம, அரையடி அரையடியா மண் போட்டுத் தண்ணி விட்டு மிதிங்க. கடைசியில தரைமட்டத்துக்கு மேல கொஞ்சம் மேடாவே விடுங்க. உள்ள மிச்சம் இருக்கிற வேர் மக்க மக்க மண் இறங்கும். ஒரு மழைக்காலமாவது போகாம மேல சிமெண்டுத் தரை போட்டா விரிசல் விடும். நான் இப்போதைக்கு ஒரு வாழைக்கன்னு வெச்சிருக்கேன்.