மேடையில் வரும் கவனம் வீட்டில் ஏன் வருவதில்லை?

எல்லோருக்கும் வணக்கம்.

ஒன்றரை மணி நேர நாடகத்தில் ஒரு வசனம்கூடப் பிசகாமல் என்னால் நடிக்க முடியும். எதிரில் நிற்பவரின் மூச்சு கொஞ்சம் மாறினாலும் தெரிந்துவிடும். அதே நான், நடித்த சம்பளத்துக்கான ரசீதில் கையெழுத்துப் போட்டு அனுப்ப மூன்று மாதம் இழுத்திருக்கிறேன். "அங்கே முடியுது, இது முடியாதா? மனசு வைக்கணும்" என்பார்கள். நானும் அதை நம்பி, இருபது வருஷம் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

முப்பத்தெட்டு வயதில்தான் மருத்துவர் இதற்கு ஒரு பெயர் சொன்னார்: ஏடிஹெச்டி. கவனத்தையும் துறுதுறுப்பையும் கட்டுப்படுத்துவது கடினமாக இருக்கும், மூளை வளர்ச்சி சார்ந்த நிலை அது. 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என்று கேட்டார். அம்மா பெட்டியிலிருந்து என் பழைய மதிப்பெண் அட்டையை எடுத்து வந்தார். 'கெட்டிக்காரன், ஆனால் இடத்தில் உட்காருவதில்லை' என்று எழுதியிருந்தது. அம்மா அதைப் படித்துவிட்டு அழுதார். நடிகர் ஃபகத் ஃபாசில் தனக்கு 41 வயதில்தான் இது கண்டறியப்பட்டதாக 2024இல் வெளிப்படையாகச் சொன்னபோது, எனக்குப் பெரிய தெம்பாக இருந்தது.

தமிழில் இதைக் 'கவனக் குறைவு' என்கிறோம். அந்தக் 'குறைவு' எனக்கு ஒப்பவில்லை. கவனம் நிறையவே இருக்கிறது. வேண்டிய இடத்தில் வைக்கவும், வேண்டிய நேரத்தில் எடுக்கவும்தான் முடிவதில்லை. டோபமைன், நார்அட்ரினலின் என்ற, நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள்கள் மூளையில் வேலை செய்யும் விதத்தோடு தொடர்புள்ள விஷயம் இது. ஆர்வமோ அவசரமோ இருந்தால் மூளை உடனே விழித்துக்கொள்ளும். மேடையில் இரண்டும் உண்டு. ரசீதில் ஒன்றும் இல்லை.

அதற்காக இதை வரம் என்று சொல்ல மாட்டேன். ஒரு காட்சிக்குள் மூழ்கி ஏழு மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்த நாட்களின் விலையை என் உடம்பு அறியும்.

வசனம் பாடம் செய்வதைச் சொல்கிறேன். மேசையில் உட்கார்ந்து படித்தால், கண் பக்கத்தின் கடைசி வரிக்குப் போயிருக்கும், மனசு முதல் வரியையே தாண்டியிருக்காது. இப்போது நடந்துகொண்டே படிக்கிறேன். "நீ போகலாம்" என்ற வசனத்துக்கு நாற்காலியை இழுப்பேன். அடுத்ததற்கு டம்ளரைக் கவிழ்ப்பேன். கை மறக்காவிட்டால் வாயும் மறப்பதில்லை. நண்பர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து தன் வேலையைப் பார்ப்பார். பேசவே மாட்டார். அவர் இருப்பதே என்னை வேலையில் உட்கார்த்தி வைக்கிறது.

அப்புறம், மாத்திரை. 'சாப்பிட்டால் கலை போய்விடும்' என்ற பயம் எனக்கும் இருந்தது. என் விஷயத்தில் அப்படி நடக்கவில்லை. பசியும் தூக்கமும் மாறின. மருத்துவர் அளவைக் குறைத்தார், இரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே வருகிறார். யாருக்கு எந்த மாத்திரை என்பதை மருத்துவர்கள்தான் சொல்ல வேண்டும். இன்னொருவர் மாத்திரையை வாங்கிப் போட்டுப் பார்க்காதீர்கள்.

இங்கே இயக்குநர்கள் பலர் இருக்கிறீர்கள். ஒத்திகை முடிந்ததும் பத்துத் திருத்தங்களை வாயால் சொன்னால், எனக்கு இரண்டுதான் நிற்கும். மற்ற எட்டும் அலட்சியத்தால் போனவை அல்ல. என் இப்போதைய இயக்குநர் அவற்றை ஒரு சீட்டில் எழுதித் தருகிறார். அதை மேக்கப் கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டிவைத்து, மேடையேறும் முன் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படிக்கிறேன். உங்கள் குழுவிலும் அப்படி ஒருவர் இருக்கலாம். அடுத்த ஒத்திகையில் எழுதிக் கொடுத்துப் பாருங்கள்.