லைன் கிளியர் வாங்கிவிட்டால் போதுமா?

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, விழாக் குழுச் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர் அவர்களே (ஐயா கை தட்டினால்தான் எனக்குப் பேச்சே வரும்), தொழிற்சங்கத் தோழர்களே, புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் இளம் பொறியாளர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மின்விநியோகத்தில் நிர்வாகப் பணி என்று தலைப்புக் கொடுத்தார்கள். மின்இழப்பு, வசூல், ஆட்கள் என்று மூன்றைப் பற்றிப் பேசுவதாக ஒப்புக்கொண்டேன்.

முதலில் இழப்பு. கம்பியில் ஓடும் மின்னோட்டம் இரண்டு மடங்கானால், சூடாகி வீணாவது நான்கு மடங்கு. மாலை நேரச் சுமையைக் கொஞ்சம் பரத்திப் போட்டாலே லாபம். 1881-ல் எடிசனிடம் செயலாளராகச் சேர்ந்த சாமுவேல் இன்சல், 1892-ல் சிகாகோ எடிசன் நிறுவனத்தின் தலைவரானார். ஒருவர் விளக்கை அணைக்கும் நேரத்தில் இன்னொருவர் மோட்டாரைப் போட வேண்டும், ஒரே இயந்திரம் நாள் முழுக்கச் சம்பாதிக்கும் என்பது அவர் கணக்கு. சரி, அது இருக்கட்டும்.

அடுத்து ஆட்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். இந்தத் தொழிலில் கையையும் விடக்கூடாது.

நான் இளநிலைப் பொறியாளராக இருந்த காலம். புயல் ஓய்ந்த ராத்திரி, 11 கேவி, அதாவது 11,000 வோல்ட் லைன் அறுந்து கிடக்கிறது. துணைமின் நிலையத்தில் அந்த லைனுக்கு மின்சாரம் அனுப்பும் பீடரை நிறுத்தி, ‘லைன் நிறுத்தியாயிற்று, வேலை செய்யலாம்’ என்ற அனுமதியான லைன் கிளியரும் வாங்கியாயிற்று. மேலதிகாரி ஒருவர் போனில், "இன்னுமா முடியவில்லை? இன்னுமா முடியவில்லை?" என்று துளைக்கிறார். எங்கள் ஃபோர்மேன் அவசரப்படவில்லை. கம்பத்தில் ஏறி, கம்பியைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடை மாட்டுவதற்கு முன்னால், மின்சாரம் இருந்தால் ஒலி எழுப்பும் டிடெக்டரை நீட்டினார். கீ... கீ... என்று கத்துகிறது! நிறுத்திய லைனில் மின்சாரம்!

மனிதர் மெதுவாக இறங்கினார். "ஐயா, போனை வைங்க. ஊரே இருட்டு, எங்கே வெளிச்சம் தெரியுதுன்னு பாருங்க" என்றார். டார்ச்சோடு லைன் பிடித்து நடந்தோம். கடைசியில் ஒரு கட்டடத்தில் மட்டும் ஜகஜ்ஜோதி. பின்புறம் ஜெனரேட்டர் ஓடுகிறது. ஜெனரேட்டர் ஓடும்போது வெளி லைனைத் துண்டித்து வைக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் கிடையாது. அங்கிருந்து கிளம்பிய 400 வோல்ட், டிரான்ஸ்ஃபார்மருக்குள் தலைகீழாகப் புகுந்து 11,000 ஆக மேலே வந்திருக்கிறது. அதை நிறுத்தி, திரும்பவும் சோதித்து, எர்த் போட்ட பிறகுதான் ஃபோர்மேன் கம்பியைத் தொட்டார். போனில் இருந்தவருக்கு அன்று நான் சொன்ன பதிலை மேடையில் சொல்ல முடியாது.

ஆழம் தெரியாமல் காலை விடாத அந்த ஃபோர்மேன் நிரந்தரப் பணியாளர். "சோதிக்காமல் தொட மாட்டேன்" என்று அவரால் சொல்ல முடிந்தது. ஒப்பந்தத் தொழிலாளி அப்படிச் சொன்னால் மறுநாள் வேலை இருக்குமா? இளம் பொறியாளர்களே, நீங்கள் எத்தனை உயரம் போனாலும் உத்தரவு போய்ச் சேர்வது கம்பத்தின் மேல் நிற்பவனிடம்தான். பாதுகாப்பில்லை என்று அவன் மறுத்தால், நிரந்தரமோ ஒப்பந்தமோ, தண்டனை கூடாது. அவனுக்கென்று டிடெக்டரும் கையுறையும் கொடுக்க வேண்டும். இன்று உங்களிடம் கையெழுத்துக்கு வரும் மனுவில் இவ்வளவுதான் எழுதியிருக்கிறோம்.

நேரமாகிவிட்டது என்று செயலாளர் சீட்டு அனுப்பியிருக்கிறார். வசூலைப் பற்றி இன்னொரு கூட்டத்தில். மனு முன்வரிசையிலிருந்து வருகிறது. தலைமைப் பொறியாளர் ஐயா முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பின்னால் அனுப்புங்கள்.