கணக்குக் கேட்க ஐந்தாண்டு காத்திருக்க வேண்டுமா?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

மக்கள் பிரதிநிதியை மக்களுக்குக் கட்டுப்பட வைப்பது ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் தேர்தலா, இடைப்பட்ட காலத்தில் நாம் கேட்கும் கணக்கா என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், விரலில் வைக்கும் மை ஒன்றே போதும், வேலை செய்யாதவரை அடுத்த முறை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று முழங்கிக் கைத்தட்டலும் வாங்கினார். வீட்டுக்கு அனுப்பலாம் ஐயா, மறுக்கவில்லை. ஆனால் அதுவரை அவர் எங்கே இருந்தார் என்பதல்லவா கேள்வி?

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ஒரு சட்டமன்ற உறுப்பினர் அனுமதி பெறாமல் 60 நாட்கள் அவைக் கூட்டங்களுக்கு வராமல் இருந்தால், அவருடைய இடம் காலியாகிவிட்டதென்று அறிவிக்கும் அதிகாரத்தை அரசமைப்புச் சட்டத்தின் 190ஆம் பிரிவு அவைக்குத் தந்திருக்கிறது. எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி சார்பில் சொல்லும் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்து, அதைக் கட்சி 15 நாட்களுக்குள் மன்னிக்காவிட்டால், 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்தின்படி அவர் பதவியை இழக்க நேரிடும். வென்றவரோ தோற்றவரோ, தேர்தல் முடிவு வெளியான 30 நாட்களுக்குள் செலவுக் கணக்கை ஒப்படைக்க வேண்டும். தக்க காரணமின்றித் தவறினால் தேர்தல் ஆணையம் 3 ஆண்டுகள் தகுதி நீக்கம் செய்யலாம். ஆக, அவைக்குப் பதில் சொல்கிறார், கட்சிக்குப் பதில் சொல்கிறார், ஆணையத்துக்கும் பதில் சொல்கிறார். தொகுதிக்கு 60 நாட்கள் அல்ல, 600 நாட்கள் வராவிட்டாலும் கேட்பதற்கு ஒரு வரி சட்டம் உண்டா? இத்தனை பேருக்குக் கட்டுப்பட்டவர், தம்மை அனுப்பி வைத்தவர்களுக்கு மட்டும் கட்டுப்படாமல் இருக்க முடிகிறதே, அந்த ஓட்டையைத்தான் எங்கள் அணி சுட்டிக்காட்டுகிறது.

இனி நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். எங்கள் ஊரில் ஓர் அக்டோபர் 2 அன்று, தொடக்கப்பள்ளி வராந்தாவில் கிராம சபை நடந்தது. வரவு செலவுக் கணக்கைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் ஓர் அம்மா, எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வந்தவர், ஒரு வரியில் விரலை வைத்து நின்றுவிட்டார். "தெருவிளக்குப் பராமரிப்புன்னு போட்டிருக்கே தலைவரே, எங்க தெருவுல எந்த விளக்கு எரியுது?" ஊராட்சித் தலைவர் செயலரைப் பார்த்தார், செயலர் பதிவேட்டைப் புரட்டினார், கூட்டம் சிரித்தது. அந்த வாரக் கடைசிக்குள் நான்கு கம்பங்களில் விளக்கு எரிந்தது.

அதே ஊரிலிருந்து, அதே மாதத்தில், இடிந்த பாலத்துக்காக நாங்கள் எட்டுப் பேர் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போனோம். இரண்டு மணி நேரம் காத்திருந்த பின் உதவியாளர் மனுவை வாங்கி, ஏற்கெனவே அங்கிருந்த மனுக்கட்டின் மேல் வைத்துவிட்டு, "ஐயாகிட்ட சொல்லிடுறேன்" என்றார். கைகூப்பி நன்றி சொல்லிவிட்டு வந்தோம். நடுவர் அவர்களே, அந்த அம்மா கேட்டது கேள்வி, நாங்கள் கொடுத்தது மனு. ஊராட்சித் தலைவர் ஒரு தெருவிளக்குக்குக்கூட ஊர் நடுவே நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழகச் சட்டமன்ற உறுப்பினரோ, தொகுதி மேம்பாட்டு நிதியில் ஆண்டுக்கு 3 கோடி ரூபாய்க்கான பணிகளைப் பரிந்துரைக்கிறார். செலவழிப்பது அதிகாரிகள்தான், கோப்பும் தணிக்கையும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தத் தெருவை விட்டுவிட்டு அந்தத் தெருவை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்க எந்த வராந்தாவில் நமக்கு இடம் போட்டிருக்கிறார்கள்?

எதிரணியினர் சொல்லும் வாக்குச்சீட்டின் வலிமைக்கு வருகிறேன். வாக்காளர் அழுத்துவது ஒரே ஒரு பொத்தான். யார் முதலமைச்சர், எந்தச் சின்னம், எந்தக் கூட்டணி, விலைவாசி எப்படி, பாலம் கட்டினாரா இல்லையா என்ற அத்தனைக்கும் அந்த ஒரே அழுத்தில்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அந்த நெரிசலில் எங்கள் ஊர்ப் பாலம் எங்கே தெரியப் போகிறது? வேலை செய்யாதவர் அடுத்த முறை வேறு தொகுதிக்கு மாறிவிட்டால், தீர்ப்பை யாரிடம் கொடுப்பது?

இன்னொன்றும் சொன்னார்கள்: பணம் வாங்கி ஓட்டுப் போடும் மக்களுக்குக் கணக்குக் கேட்கும் தகுதி ஏது என்று. பணப்பட்டுவாடாவால் 2017இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும், 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலும் ரத்தானதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஐந்தாண்டில் தனக்கென்று வரப்போவது இந்த ஒரு நாள்தான், மறுநாள் முதல் அந்த வாசலில் மனுவோடு நிற்க வேண்டியவன் தான் என்று தெரிந்தவர், கிடைப்பதை அன்றே வாங்கிக்கொள்ளாமல் என்ன செய்வார்? அது சரியென்று நான் வாதிடவில்லை. எதிரணி பெருமை பேசும், தேர்தல் மட்டுமே போதும் என்ற முறையில் விளைந்த பயிர் அது என்கிறேன்.

உத்திரமேரூர்க் கல்வெட்டை நினைவூட்டாமல் நான் அமர்ந்தால் அவை என்னை விடாது. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டிய அந்தக் கல்வெட்டு, முன்பு வாரியம் என்ற ஊர் நிர்வாகக் குழுவில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரை, குடத்திலிட்டுக் குலுக்கி எடுக்கும் குடவோலையில் எழுதவே கூடாது என்கிறது. அவரோடு நிற்கவில்லை, சிற்றப்பன், பெரியப்பன், மாமன், அத்தை வழிப் பிள்ளைகள் வரை விலக்குகிறது. இன்று அதை அப்படியே கொண்டுவந்தால் வேட்பாளர் பட்டியல் எவ்வளவு மெலியும் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன். நிலமுள்ள பிராமண ஆண்களுக்கு மட்டுமே இடமளித்த சபை அது என்பதால் அதைத் தூக்கிவைத்துக் கொண்டாட எனக்கு விருப்பமில்லை. ஆயினும் தேர்ந்தெடுப்பது வேறு, கணக்குக் கேட்பது வேறு என்பது அந்தச் சபைக்குத் தெரிந்திருந்தது.

உடனே, உறுப்பினர்களைத் திரும்ப அழைக்கச் சொல்கிறீர்களா, ஆட்சி நிலைக்குமா என்று அஞ்ச வேண்டாம். பிரிட்டனில் 2015இல் வந்த சட்டம்கூட, தண்டனை பெற்ற அல்லது அவையால் இடைநீக்கப்பட்ட உறுப்பினர்மீது மட்டுமே, 6 வாரத்தில் தொகுதி வாக்காளரில் 10 சதவீதம் பேர் கையெழுத்திட்டால் பதவியைப் பறிக்கிறது. 2019இல் பீட்டர்பரோ உறுப்பினர் அப்படித்தான் பதவியிழந்தார். தோற்றவர்கள் மறுநாளே கையெழுத்து வேட்டைக்குக் கிளம்பிவிடக் கூடாது என்பதால், நான் அந்த அளவுக்குக்கூடப் போகவில்லை. ஆண்டுக்கு இரண்டு முறை, ஒன்றியத்துக்கு ஓர் இடத்தில், உறுப்பினர் கட்டாயமாக வந்து அமர வேண்டும். அவையில் என்ன கேட்டார், எதற்கு வாக்களித்தார், எந்தப் பணியைப் பரிந்துரைத்தார் என்ற பட்டியல் ஒரு வாரம் முன்பே சுவரில் ஒட்டப்பட வேண்டும். கேள்வியும் பதிலும் பதிவேட்டில் ஏற வேண்டும். 60 நாள் விதி அவைக்கு இருப்பதுபோல் இந்தக் கூட்டத்துக்கும் ஒரு விதி வேண்டும். ஊராட்சித் தலைவருக்குச் சாத்தியமான ஒன்று சட்டமன்ற உறுப்பினருக்கு எப்படி அவமானமாகும்?

எனக்குப் பின் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒரே ஒரு வேண்டுகோள். தேர்தலின் பெருமையைத் தொடங்குமுன், தங்கள் தொகுதி உறுப்பினர் மாலையும் மேடையும் இல்லாத ஒரு கூட்டத்தில் அமர்ந்து, மக்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்ன கடைசித் தேதியை மட்டும் இந்த அவைக்குச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். நன்றி, வணக்கம்.