தாமிரபரணி ஓட்டிய நூற்பாலை

அவையில் கூடியிருக்கும் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

விக்கிரமசிங்கபுரம் பற்றிப் பேச்செடுத்தால், 'அது ஹார்வி துரை உண்டாக்கின ஊருல்லா' என்று முடித்துவிடுகிறார்கள். தமிழும் சைவமும் கற்றுத் தேர்ந்த சிவஞான முனிவர் பிறந்த ஊர் இது. அவர் மறைந்தது 1785இல். ஹார்வி சகோதரர்கள் பக்கத்தில் பாபநாசத்தில் வைத்த நூற்பாலை ஓடத் தொடங்கியதோ 1885இல். நூறு வருஷ வித்தியாசம். அதனால் ஊரை உண்டாக்கிய பெருமையை ஹார்விக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, அந்த ஸ்காட்லாந்துச் சகோதரர்கள் ஏன் இங்கே வந்தார்கள்? பருத்தி விளைவது கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில். துறைமுகம் தூத்துக்குடியில். ரயில் அப்போது திருநெல்வேலியோடு நின்றுவிட்டது. அங்கிருந்து மலையடிவாரத்துக்குச் சுமார் 50 கிலோமீட்டர் ரோட்டு வழிதான். இவ்வளவு சிரமத்துக்கும் ஒரே காரணம் தாமிரபரணி. மலையிலிருந்து இறங்கும் ஆறு பாபநாசத்தில் சரேலென்று விழுகிறது. தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் இரண்டுமே அதற்குத் தண்ணீர் தருகின்றன. கரி வாங்காமல் எந்திரத்தை ஓட்டலாம். தண்ணீரின் விசை தண்டுக்கும் பெல்ட்டுக்கும் போய்க் கதிரைச் சுழற்றியது. வேலை முடிந்த தண்ணீர் மறுபடி ஆற்றுக்கே வந்தது. கீழே எட்டு அணைக்கட்டுகளை நம்பிக் கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல் விளைகிற சீமை அல்லவா இது! தண்ணீரைக் குடித்துவிடுகிற தொழிலாக இருந்திருந்தால் இங்கே காலூன்றியிருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

அப்புறம் 1888இல் தூத்துக்குடியில் கோரல் மில், 1892இல் மதுரையில் மில் என்று கம்பெனி பெருத்தது. அதே கோரல் மில்லில்தான் 1908 பிப்ரவரி 27 அன்று தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். கூலி உயர்வு வேண்டும், வார விடுமுறை வேண்டும் என்றார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றார்கள். நிர்வாகம் இறங்கி வந்தது. அடுத்த சில நாட்களிலேயே, மார்ச் 12ஆம் தேதி, தலைவர்கள் இருவரும் கைதானார்கள். பாபநாசத்து லாபத்தையும் தூத்துக்குடிப் போராட்டத்தையும் தனித்தனிக் கதையாகச் சொல்வது தவறு. முதலாளி ஒருவர்தானே?

எந்திரத்தை ஓட்டியது ஆறு, நூலை ஓட்டியது மனிதக் கை. நூல் நூற்கும் எந்திரமான ரிங் ஃப்ரேமில் நிற்கிற சைடரை, அதாவது அதைக் கவனிக்கும் தொழிலாளியைப் பாருங்கள். வரிசையாகக் கதிர்கள் சுற்றிக்கொண்டே இருக்கும். எங்கோ ஓர் இழை அறும். ஓடிப்போய் அந்தக் கதிரை மட்டும் நிறுத்தி, நூல் முனையைத் தேடி எடுத்து, வளையத்தில் ஓடுகிற குட்டிக் கொக்கியில் மாட்டி, உருளையிலிருந்து வரும் பஞ்சிழையோடு தொட வைத்தால் முறுக்கு தானாகப் பிடித்துக்கொள்ளும். இது முடிவதற்குள் அடுத்தது அறுந்திருக்கும். தலை, புருவம், மூக்கு எல்லாம் பஞ்சு. ஷிப்ட் முழுக்க இதே நடை, இதே குனிதல்.

1944இல் பாபநாசத்தில் மின்நிலையம் வந்தது. 1974இல் கம்பெனி 'மதுரா கோட்ஸ்' ஆனது. இதெல்லாம் ஆவணங்களில் கிடைக்கும். கம்பெனியின் கணக்கைக் கம்பெனி காப்பாற்றிக்கொள்ளும். ஆனால் தாத்தாவின் சம்பளச் சீட்டு, ஆச்சி பஞ்சு பொறுக்கிய காலத்துப் போட்டோ, சங்கத்தின் பழைய நோட்டீஸ் ஆகியவை உங்கள் வீட்டுப் பரணில்தான் கிடக்கின்றன. கரையான் முந்துவதற்குள் எடுத்துப் பாருங்கள். நூலகத்தில் ஓர் அலமாரி கேட்டு வாங்குவோம். மில்லில் வேலை பார்த்த பெரியவர்கள் இங்கேயே பலர் இருக்கிறீர்கள். கூட்டம் முடிந்ததும் போய்விடாதீர்கள். உங்கள் பேச்சைப் பதிவு செய்ய இளைஞர்கள் முன்வரிசையில் காத்திருக்கிறார்கள்.